வெள்ளி இரவு யாருடைய முறை

மூன்றாம் வருடத்தில் குழுவாகச் சேர்ந்து ஒரு மென்பொருள் செய்ய வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தில் விதி. யார் யாரோடு சேர்வது என்பதைப் பெயர்ப்பட்டியல் வரிசை முடிவு செய்யும். யாருக்கு யாரோடு ஒத்துப்போகும் என்று எவரும் கேட்பதில்லை. எனக்கு வாய்த்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி காத்தான்குடிக்காரி. வாய் ஓயாது, ஆனால் கோட் எழுத உட்கார்ந்தால் ஒரு வரியைத் திருப்பி எழுத மாட்டாள். மற்றவன் மாங்கேணியிலிருந்து வந்தவன். அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்குப் பசி வந்துவிடும். நான் வெல்லாவெளி. கோபம் எனக்கு மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். அது பொய் என்று சொல்ல எனக்கும் வாய் வராது.

முதலில் கன்டீனுக்கு ஓடர் கொடுக்கும் செயலி செய்வதாக இருந்தோம். ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு குழு அதைத்தான் செய்கிறது. கன்டீன் அக்கா இன்றுவரைக்கும் ரொட்டி முடிந்துவிட்டதை வாயால்தான் அறிவிக்கிறார். எங்கள் விரிவுரையாளர் திட்டத்தை வாசித்துவிட்டு, "தீர்வு நல்லா இரிக்கி. பிரச்சினை எங்க?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அறையை விட்டு வெளியே வந்ததும் அவரைத் திட்டினேன். காத்தான்குடிக்காரி சிரித்தாள். மாங்கேணிக்காரன் திட்டத் தாளை மடித்துப் பையில் வைத்தான்.

அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவேயில்லை. போன் எடுத்தாலும் பதில் இல்லை. எங்கள் தலையில் வேலையைக் கட்டிவிட்டு ஊரில் காற்று வாங்குகிறான் என்று நான் கொதித்தேன். கடைசியில் அவனுடைய ஹொஸ்டல் அறைக்காரன்தான் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கச் சொன்னான்.

பெண்கள் வாட்டுக்கு வெளியே ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஒப்பரேசன் செய்வதென்றால் முதலில் இரத்தத்தில் சீனி குறைய வேண்டும். அது இறங்குவதாக இல்லை. அவரால் தானாகப் புரளக்கூட முடியாது. பகலில் மாமி முறையான ஒருவர் மாங்கேணியிலிருந்து பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போவார். இரவில்தான் ஆள் இல்லை. பெண்கள் வாட்டில் இரவில் ஆண்கள் நிற்க முடியாது. அவனுக்கு அக்கா தங்கை கிடையாது. ஆகவே இரவெல்லாம் அந்த வாங்கிலேயே கிடந்தான். உள்ளே அம்மா கூப்பிட்டால் தனக்குக் கேட்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. உண்மையில் அங்கிருந்து ஒன்றும் கேட்காது.

"நான் இந்த வருசத்த விடப் போறன்," என்றான்.

ஏற்கெனவே ஒரு வருடம் தவறி எங்கள் பேட்சுக்கு வந்தவன் அவன். இன்னொன்றையும் விட்டால் அப்பாவின் மீன்பிடித் தோணியில் ஏறுவான், திரும்பி வரமாட்டான். அது எங்கள் இருவருக்கும் தெரியும். அதுவரை அவன்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

காத்தான்குடிக்காரிதான் பேசினாள். "சேர் கேட்ட பிரச்சினை இஞ்ச கிடக்கு புள்ள. நாம கன்டீனுக்குள்ள தேடித் திரியிறம்."

அப்படித்தான் எங்கள் திட்டம் மாறியது. நோயாளிக்கு இரவில் துணை நிற்கும் பெண்களின் முறையை ஒழுங்குபடுத்தும் ஒரு சின்னச் செயலி. பெரிய பிரச்சினையை உடைத்து உடைத்துச் சிறிதாக்க வேண்டும் என்று முதலாம் வருடத்திலிருந்தே எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை நான் பரீட்சைக்கான பாடமாகத்தான் நினைத்திருந்தேன். அந்த வாங்கில்தான் முதல் தடவையாக உண்மையில் உடைத்தோம். யார் யாரால் நிற்க முடியும்? அவர்களுக்கு எப்படி அறிவிப்பது? ஒருத்தி வராவிட்டால் யாருக்குத் தெரிய வேண்டும்? ஹொஸ்டல் பிள்ளைகளை நான் பிடித்தேன். அவள் தன் உம்மாவையும் பக்கத்து வீட்டுப் பெண்களையும் பிடித்தாள். மாங்கேணிப் பெண்கள் சிலரும் சம்மதித்தார்கள். தரவுகளைச் சேமிக்கும் பகுதியை அவன் மடியில் லெப்டொப்பை வைத்துக்கொண்டு எழுதினான். திரையில் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பெட்டி. யாராவது பெயர் பதிந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அதை எழுதியவள் நான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் சில இரவுகள் நன்றாகத்தான் போயின. ஆனாலும் அவன் வாங்கை விட்டு அசையவில்லை. பச்சையைப் பார்ப்பான், தலையாட்டுவான், அங்கேயே படுப்பான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பெட்டி பச்சையா இரிக்கிதானே? அவட உம்மா பேர் கிடக்கு. போ, போய்ப் படு. கண் ரெண்டும் கோவைப்பழம் மாதிரிக் கிடக்கு," என்று சத்தம் போட்டேன். அவன் எழுந்து ஹொஸ்டலுக்குப் போனான்.

அன்று இரவு அவனுடைய அம்மாவிடம் ஒருவரும் வரவில்லை.

சனிக்கிழமை காலை அவன் போய்க் கேட்டபோது அம்மா, "நல்ல நித்திரை மகன்," என்றுதான் சொன்னாராம். பக்கத்துக் கட்டில் பெண்தான் நடந்ததைச் சொன்னார். தனியாக ஓடித்திரிந்த தாதி மிஸியைக் கூப்பிட மனமில்லாமல் அந்த அம்மா விடியும்வரை நனைந்த விரிப்பிலேயே கிடந்திருக்கிறார்.

அவன் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். கன்டீன் மேசையில் லெப்டொப்பை மூடி எங்கள் பக்கம் தள்ளினான். "நீங்க ரெண்டு பேரும் செய்ங்க. நான் அம்மாவோட நிக்கிறன்," என்று சொல்லிவிட்டு நடந்தான். நான் அந்த மேசையிலேயே அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்றிருந்தது.

அழுது முடிந்ததும் பிழையைத் தேடினேன். என் பகுதியில் ஒன்றும் இல்லை. அவளுடைய பகுதியிலும் இல்லை. அப்படியானால் அவன் எழுதிய பகுதியில்தான் இருக்கும் என்றேன். அதையும் புரட்டினோம், அங்கும் இல்லை. பிறகு இன்டர்நெட்டைக் குறை சொன்னேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அன்று நான் கோணல் என்று சொல்லாத மேடை இல்லை.

காத்தான்குடிக்காரி பொறுக்க மாட்டாமல் உம்மாவுக்குப் போன் எடுத்தாள். ஏன் போகவில்லை என்று கேட்டதும், அந்தப் பக்கம் உம்மா போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

"யாரு போகல்ல? மஃரிபு தொழுதிட்டு ஓட்டோ புடிச்சிப் போன நான். வெள்ளி ராவு நோயாளிக்கிட்ட இருந்து யாசீன் ஓதினா நல்லமெண்டுதானே அந்த ராவக் கேட்டு எடுத்த நான்! உங்கட ஹொஸ்டல் புள்ள ஒண்டும் நிண்டிச்சி. அதுக்கிட்டக் கேளு."

ஹொஸ்டல் பிள்ளையிடம் கேட்டோம். "ஓம், வியாழக்கிழமை ரெண்டு பேர் நிண்டம். என்ட முறை எண்டு சொன்னாலும் அந்த உம்மா போகமாட்டன் எண்டுட்டா," என்றாள்.

என் கூட்டாளி தலையில் கை வைத்தாள். அவர்கள் வீட்டில் நாள் சூரியன் அடைந்ததும் பிறக்கிறது. வியாழக்கிழமை அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் வெள்ளி தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு வருவது வெள்ளியின் இரவு. எங்கள் வீட்டில் விடிந்தால்தான் நாள். இரவு அந்தப் பகலின் வால். இரண்டு வீட்டிலும் யாருக்கும் இதில் சந்தேகம் வந்ததே கிடையாது. இவளோ கம்பஸில் ஒரு கணக்கு, வீட்டில் ஒரு கணக்கு என்று இரண்டிலும் பழகியவள். வீட்டுக்குப் போய் உம்மாவிடம் வீட்டுக் கணக்கில் கேட்டிருக்கிறாள். உம்மா சொன்ன வெள்ளியை அப்படியே என் பெட்டியில் பதிந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றி மாட்டுவதுபோல மாற்றிக்கொள்கிற பழக்கம், அவளுக்கே தெரியவில்லை.

கோட்டில் பிழை இல்லை. மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்தும் "நாள் எப்போது தொடங்குகிறது" என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்?

அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். செய்தி கேட்டு உம்மாவும் கல்லடிப் பாலத்தைக் கடந்து எங்களுக்கு முதலே வந்துவிட்டார். கட்டிலருகே நின்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிக்கங்க தங்கச்சி," என்று அழுதார். படுத்திருந்தவர்தான் அவரைத் தேற்றினார். "அழாதீங்க அக்கா. வியாழக்கிழமை நீங்க ஓதின சத்தத்திலதான் நோவு மறந்து கண்ணயர்ந்த நான். இஞ்ச வந்த நாளையில இருந்து அண்டைக்குத்தான் நித்திரை கொண்ட நான்." இதைக் கேட்ட பிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வெளியே வாங்கில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பிறகு, அவன் இருப்பதையும் மறந்து, நானும் அவளும் சண்டை பிடிக்கத் தொடங்கினோம். போனில் இருக்கிற திகதியை எல்லாரும் பாவிக்கட்டும் என்றேன் நான். "உன்ட போனுக்காக என்ட உம்மா வெள்ளி ராவ மாத்துவாவா?" என்றாள் அவள். அப்படியானால் எங்கள் ஊர்ப் பெண்கள் மட்டும் மாற்ற வேண்டுமா என்றேன். யாருடைய நாள் சரி என்ற நிலைக்குப் பேச்சு வந்துவிட்டது.

"ராவுக்கு என்னத்துக்குக் கிழமை?"

இரண்டு பேரும் திரும்பினோம். அவன்தான்.

"அப்பா கடலுக்குப் போனா, எப்ப வெளிக்கிட்ட, எப்ப கரைக்கு வருவார், இதத்தான் அம்மா கேட்பா. அது எந்தக் கிழமைட ராவு எண்டு ஒருத்தரும் கேட்கிறல்ல. எப்ப வருவீங்க, எப்ப போவீங்க எண்டு மட்டும் கேளுங்க."

பிறகு, என்னைப் பார்க்காமலே, "பேர் எழுதின உடன பச்சையாகக் கூடாது. ஆள் வந்து கட்டிலடியில நிண்டு போன்ல பொத்தான அமத்தினாத்தான் பச்சை," என்றான்.

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. காத்தான்குடிக்காரி லெப்டொப்பை அவன் மடியில் வைத்தாள். அவன் அதைத் தள்ளிவிடுவானோ என்று பயந்தேன். அதன் மூடியைச் சட்டை நுனியால் துடைத்தான். பிறகு திறந்தான். அவன் சொன்னபடி அன்று எழுதிய சில வரிகள்தான் எங்கள் திட்டத்திலேயே ஆகச் சிறியவை. பிறகு எந்த இரவும் வெறுமையாகப் போகவில்லை. ஆனால் அவன் படுக்கை மட்டும் வாங்கிலேயே இருந்தது.

ஒருவழியாகச் சீனி இறங்கியது. ஒப்பரேசனுக்கு முதல் நாள் மாலை உம்மாவின் முறை. திரையில் பெட்டி சிவப்பாகத்தான் இருந்தது. அவர் வாட்டுக்குள் போய்ச் சற்று நேரத்தில் பச்சையானது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை, போய்ப் படு என்று நாங்கள் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நானும் அவளும் எழுந்து வந்துவிட்டோம்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. அந்த அம்மா ஊன்றுகோலோடு மாங்கேணிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்கள் திட்டத்துக்கான நேர்முகத் தேர்வு வந்தது. எல்லாம் ஆங்கிலத்தில். அவனுக்கு ஆங்கிலம் வாயில் வராது என்பதால் அவன் பங்கையும் நானே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். விரிவுரையாளர் பச்சைப் பெட்டியை வெகுநேரம் பார்த்தார். இது சரியாக வேலை செய்கிறது என்று எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டார். சோதனை அட்டவணையைக் காட்ட நான் கையை நீட்டினேன்.

அவன் முந்திக்கொண்டான். ஆங்கிலத்தில் தொடங்கி, முடியாமல் நிறுத்தி, தமிழுக்கு வந்தான்.

"அம்மாட ஒப்பரேசனுக்கு முதல் நாள் ராவு, பெட்டி பச்சையானதப் பார்த்திட்டு நான் ஹொஸ்டலுக்குப் போய் நித்திரை கொண்டன், சேர்."