அம்மை கண்ட வீட்டில் கிட்டார்

சிறுவயதில் என் கால்கள் சும்மா இருந்ததாக எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. சாப்பிடும்போது மேசைக் காலை உதைக்கும். படிக்கும்போது தரையைத் தட்டும். தூக்கத்தில்கூடப் போர்வையைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடும். பள்ளியில் என் மேசையோடு ஒட்டிய மேசைக்காரியின் கையெழுத்து என்னால் கோணலாகிவிட்டது என்று அவளுடைய அம்மா புகார் கொடுத்ததும் உண்டு. அந்தக் கையெழுத்து அதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தது என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போது மலாக்கா பக்கம் அலோர் காஜாவில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்து குளித்ததும் முன்கதவுக் கம்பிக்குப் பக்கத்தில், சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கிட்டாரை எடுப்பார். கிட்டார் என்றால் மேடையில் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு வாசிப்பது என்றுதான் கைப்பேசியில் பார்த்திருந்தேன். அப்பாவோ கட்டைவிரலின் சதையால் கம்பிகளைத் தடவுவார், அவ்வளவுதான். மின்விசிறியை நிறுத்தினால்தான் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சத்தமாக வாசிக்கச் சொல்லி நச்சரிப்பேன்.

"நாள் முழுக்க மெஷின் சத்தம். வீட்லயாவது காதுக்கு லீவு குடுப்போம் லா," என்பார்.

ஆனாலும் கிட்டே போகாமல் இருக்க முடியாது. அவ்வளவு மெதுவாக வாசிக்கும்போது பாட்டோடு வேறு என்னென்னவோ கேட்கும். விரல் கம்பியில் உரசி நகர்வது, அப்பாவின் மூச்சு, ஒரு சுரம் அடங்கிய பிறகும் மரத்துக்குள்ளே மிச்சமிருக்கும் அதிர்வு. கிட்டாரின் பக்கவாட்டில் கன்னத்தை வைத்தால் பல்லெல்லாம் கூசும். அது எனக்கு அவ்வளவு பிடிக்கும். கால்கள் அப்போதும் அடங்காது. பாட்டுக்குத் தகுந்தபடி ஆடும், அதுதான் வித்தியாசம்.

எங்கள் வீட்டுப் பாட்டுகளுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். அப்பாவும் அம்மாவும் முதன்முதலில் சந்தித்த தொழிற்சாலை பஸ்ஸில் ஓயாமல் ஓடியது பஸ் பாட்டு. அதற்கு என் முழங்கால்கள் இரண்டும் துள்ளும். மழைப் பாட்டுக்குப் பாதங்கள் பக்கத்துக்குப் பக்கம் சாயும். தாலாட்டுக்கு மட்டும் கொஞ்சம் அசந்து கிடக்கும். அப்பா வாசிக்க ஆரம்பித்தால், அம்மா கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலுக்கு வந்து ஒரு கணம் நின்று, என்ன பாட்டு என்று சொல்லிவிட்டுப் போவாள். அது ஒரு விளையாட்டாகவே நடந்துகொண்டிருந்தது.

விளையாட்டு பந்தயமானது அம்மாவின் காதால். டிவியின் சத்தம் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனது. பின்னாலிருந்து கூப்பிட்டால் அம்மா திரும்புவதில்லை. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டலாம் என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். அம்மா ஒரு பல் கிளினிக்கில் போன் எடுக்கும் வேலையில் இருந்தாள். காது சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த நாற்காலி போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

"என் காதுக்கு ஒன்னும் இல்லங்க. தாளிக்கிற சத்தத்துல எவளுக்குக் கேக்கும்?"

"சரி, பாட்டு என்னன்னு சொல்லு. ஒருவாட்டி தப்பா சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போறோம், ஓகே?"

"ஓகே லா," என்றாள் அம்மா, உடனே.

நான் முழுக்க அம்மா கட்சி. ஆஸ்பத்திரிக்குப் போன பெரியப்பா திரும்பி வரவில்லை. அம்மாவும் வரமாட்டாள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அப்பா வாசிக்க உட்கார்ந்தாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து நிற்பேன், உட்காருவேன், மறுபடி எழுந்திருப்பேன். ஆனால் அம்மா தோற்கவே இல்லை. அப்பா எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் வாசலுக்கு வருவாள், பார்ப்பாள், சரியாகச் சொல்வாள். ஒரே ஒரு நிபந்தனை, நான் கூடத்தில் அவள் கண்ணுக்குத் தெரியும்படி உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டுக்கு ஓடிவிடுவேனாம்.

அப்படியிருக்கும்போது எனக்கு அம்மை போட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மக்சிக், தன் மரத்திலிருந்து வேப்பிலை ஒடித்துக் கொடுத்தார். கூடத்தில் பாய் விரித்து, வேப்பிலை பரப்பி, வெள்ளை வேட்டியால் கழுத்துவரை மூடி என்னைப் படுக்க வைத்தார்கள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. டிவியும் கிடையாது. கடுகு வெடிக்காத சமையலறை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்தால் தழும்பாகும், ஆத்தா கோவித்துக்கொள்வாள் என்று அம்மா மிரட்டியிருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் அழ ஆரம்பித்ததும் அப்பா கிட்டாரோடு என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார். பஸ் பாட்டை எடுத்தார். அவர் அவ்வளவு மெதுவாக வாசித்து நான் கேட்டதே இல்லை. வேப்பிலைக்குள் ஏதோ ஊர்வது போலத்தான் இருந்தது. அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஆடாமல் அசையாமல் கிடந்தேன். அதை யாராவது பார்க்கமாட்டார்களா என்று ஒரே தவிப்பு.

அம்மா வந்தாள். அப்பா முதுகைத் திருப்பிக்கொண்டார், வாசிப்பதை நிறுத்தவில்லை. அம்மாவின் பார்வை வேட்டி நுனியில் தெரிந்த என் பாதங்களில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் விறைப்பானேன்.

"தாலாட்டு," என்றாள் அம்மா.

கிட்டார் நின்றுவிட்டது. அப்பா திரும்பி, அவள் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொன்னார்.

"பாப்பாவுக்குத் தண்ணி ஊத்துன பிறகு, நான் லீவு போடறேன்."

அம்மா சரியென்று தலையை ஆட்டினாள். இவ்வளவு லேசான பாட்டில் போய்த் தோற்றுவிட்டாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வேண்டுமென்றேதான் தோற்றாள் என்று நினைத்தேன். அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து என் பாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது.

"எத்தன வருஷமா ஆடாத ஆடாதன்னு கத்தறேன். இன்னிக்குத்தானா கேக்கணும்?"

ஒருவழியாக என்னைப் பாராட்டிவிட்டாள் என்று எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அவள் கைக்குள் கட்டைவிரலைக்கூட அசைக்காமல் வைத்துக்கொண்டேன்.