அண்ணையின் உதையும் என் ஒற்றை விரலும்

போன சனிக்கிழமை பாரிசின் லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் முருங்கைக்காய் வாங்கப் போனேன். இரண்டு கட்டு கேட்டேன். கடைக்காரர் ஒரு கட்டை எடுத்து வைத்தார். பிறகு என் முகத்துக்கு நேரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

“உனக்கு ஒண்டுதான், பிள்ளை. ரெண்டு தரேலாது.”

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கோபப்படவா முடியும்? அந்த விரலை இந்தத் தெருவுக்கு அறிமுகம் செய்தவளே நான்தானே...

என் அண்ணைக்கு இங்கே ஒரு ரெஸ்டாரண்டில் சமையல் வேலை. வாரம் முழுக்கக் கொத்துரொட்டி. ஞாயிறானால் — ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். யாழ்ப்பாணத்துக்காரருக்குப் பாரிசில் ஏன் ஆஸ்திரேலிய விளையாட்டு? கூட வேலை செய்த ஓர் ஆஸ்திரேலியர் பழக்கிவிட்ட நோய். அவர் தன் ஊருக்குப் போய்விட்டார். நோய் இங்கேயே தங்கிவிட்டது. அண்ணையின் டீமும் அக்கம்பக்கத்து டீம்களும் சேர்ந்து ஒரு லீக்கே தொடங்கிவிட்டன. இது அதன் முதல் பருவம்.

இந்த விளையாட்டில் வலை கிடையாது. நாலு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே அந்த முட்டைப் பந்தை உதைத்தால் ஆறு புள்ளி. கொஞ்சம் தவறி ஓரமாகப் போனால் ஒரு புள்ளி. தவறினாலும் ஏதோ கொடுக்கிறார்களே — எனக்கு உடனே பிடித்துவிட்டது. கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டோடு ஒரு நடுவர் நிற்பார். ஆறு என்றால் இரண்டு விரல் காட்டுவார். ஒன்று என்றால் ஒரு விரல். அவரை டீமே கொண்டுவர வேண்டும்.

எங்கள் டீமுக்கு யார்?

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். சென் தெனியில் பல்கலைக்கழகம் வரை போனவள். பெருமைதான், மறைக்கப் போவதில்லை. அதனால் வரிக் கடிதமோ விசாக் கடிதமோ, எது வந்தாலும் நேரே என் மேசைக்குத்தான் வரும். அந்த லீக்கின் விதிப் புத்தகமும் அப்படித்தான் வந்தது. தடித்த பிரெஞ்சுப் புத்தகம். “நீதானே படிச்சனி, நீயே நில்” என்றார் அண்ணை. அவருடைய சமையல் கோட்டையே மாட்டிக்கொண்டு, வெங்காய வாசத்தோடு நடுவரானேன்.

முதல் மட்ச் வென்றோம். அடுத்ததும். அதற்கடுத்ததும்! பைனல் வரை ஒரு தோல்விகூட இல்லை. லா ஷப்பலில் முட்டைப் பந்தைக் கண்ணால் காணாதவர்கள்கூடச் சரித்திரம் என்று பேசத் தொடங்கினார்கள்.

பாரிசுக்குப் பக்கத்து ஊரான ஸ்தேனில் பைனல். கடைசி நிமிடம். மூன்று புள்ளி பின்னால் நிற்கிறோம். அண்ணை உதைத்தார். பந்து நடுக் கம்பத்தில் லேசாக உரசி... உள்ளே விழுந்தது.

எங்கள் ஆட்கள் அண்ணையைத் தோளில் தூக்கிவிட்டார்கள். எதிர் டீம் தலையைத் தொங்கப்போட்டபடி கைகொடுக்க வந்தது. எல்லாருமே சாதாரண ஃபுட்பால் பார்த்து வளர்ந்தவர்கள். கம்பத்தில் பட்டு உள்ளே போனால் கோல் — அவர்களுக்கு அதில் என்ன சந்தேகம்?

புத்தகத்தைக் கடைசிவரை வாசித்தவள் நான் மட்டும். கம்பத்தில் பட்டால் ஒரு புள்ளிதான்.

ஒரு விரலைத் தூக்கினேன்.

 ஆட்டத்தை நடத்திய ரெஃபரி ஓடி வந்து, நிச்சயமா என்று கேட்டார். சமையல் கோட்டுப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். அண்ணை தோள்களிலிருந்து இறங்கி வந்தார்.

“உள்ளுக்கைதானே போனது?”

“கம்பத்திலை பட்டது, அண்ணை.”

“அது ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

இரண்டு புள்ளியால் தோற்றோம். கோப்பை போனது. அதன் பிறகு அண்ணை என்னோடு பேசவில்லை. சோறு எத்தனை கரண்டி என்று கேட்டால் ஒரு விரல். தேநீருக்கு எத்தனை சீனி? ஒரு விரல். தெருவும் அதைப் பிடித்துக்கொண்டது.

இந்தத் திங்கட்கிழமை அவருக்கு லீவு. புத்தகத்தை என் முன்னால் போட்டார். “முழுக்கத் தமிழிலை சொல்லு. ஒரு வரியும் விடாதை.” நான் எங்கேயாவது பிழைவிட்டிருப்பேன் என்ற நம்பிக்கை. வரிவரியாகச் சொன்னேன். கம்பத்து விதி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பொறு. முதல் மட்சிலை நான் கடைசியா அடிச்சதும் கம்பத்திலை பட்டதெல்லே?”

பட்டதுதான். அன்று நான் இரண்டு விரல் காட்டினேன். நாலு புள்ளியால் வென்றோம். ஒரு விரல் காட்டியிருந்தால் ஒரு புள்ளியால் தோற்றிருப்போம். அப்போது எனக்குப் பரீட்சைக் காலம். புத்தகத்தில் பாதிதான் வாசித்திருந்தேன். வீட்டில் படித்தவள் என்று பெயர் எடுத்தவள், பாதிதான் வாசித்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

“ஓம்” என்றேன்.

 அண்ணை கையை நீட்டி, தானே அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

“மிச்சத்தை வாசி.”

அன்று தேநீருக்கு இரண்டு விரல் காட்டினார்.

அந்த முதல் மட்ச் கதை முருங்கைக்காய்க் கடைக்காரருக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.