மூன்று கண் பூச்சி

கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. கோடை முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடந்த அந்த இடத்தில், அடுத்தடுத்துப் பெய்த மழையில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கிவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, என் ஐந்து வயது மகள் தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"அம்மா, மீன்!"

மீன் இல்லை. கட்டைவிரல் நீளத்தில் நான்கைந்து பூச்சிகள். முதுகில் கேடயம் மாதிரி ஓடு, அடியில் எண்ண முடியாத கால்கள், பின்னால் இரண்டாகப் பிரிந்த வால்.

"இந்தத் தண்ணியக் குடிச்சியா?"

"கொஞ்சூண்டு."

பாட்டிலை வாங்கி மூடியை இறுக்கினேன். கணவர் ஃபேக்டரியில் காலை ஷிப்டில் இருந்தார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாம்மா இது, வாலு ரெண்டா கீது! வயித்துக்குள்ள முட்டை கிட்டை வச்சிடப் போவுது, சீக்கிரம் டாக்டராண்ட இட்டுகினு போ" என்றார். ஆட்டோவையும் அவரே பிடித்துக் கொடுத்தார். வழியெல்லாம் மகளின் வயிற்றில் கை வைத்தபடியே இருந்தேன். அவளுக்கோ ஆட்டோ சவாரியில் ஒரே குஷி.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னன்னு எனக்கே தெரியலைம்மா."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் தன் தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினார் அவர். ஐந்து நிமிடத்தில் தங்கையே கூப்பிட்டார். டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, எங்க கிடைச்சது இது? இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். கடிக்காது, ஒட்டுண்ணியும் இல்ல. டைனோசருக்கு முன்னாடியே இருந்த வம்சம், இன்னும் உருவம் பெருசா மாறல. முட்டை காஞ்ச மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும், மழை பெஞ்சா பொரிஞ்சிடும். தலையில பாருங்க, மூணாவதா ஒரு கண்ணு இருக்கும்."

மூவரும் பாட்டில் மேல் குனிந்தோம். இருந்தது. எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"பூச்சியால ஒண்ணுமில்ல. குட்டைத் தண்ணிதான் கவலை. ரெண்டு நாள் காய்ச்சல், பேதி வருதான்னு பாருங்க" என்றார் டாக்டர்.

திரும்பியதும் பாட்டிலைக் குட்டையில் கவிழ்த்தோம். மகள் ஒவ்வொன்றுக்கும் டாடா சொன்னாள். இரண்டு நாளும் மணிக்கொரு தரம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. திங்கட்கிழமை காலை நாலு இட்லி தின்றுவிட்டு ஸ்கூல் வேனில் ஏறினாள். நான் உள்ளே வந்து சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆறிப்போன காபியை நிதானமாகக் குடித்தேன்.