என் முகத்தைப் பார்த்து அழுதவர்கள்

பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து எங்கள் ஒழுங்கைச் சனம் முழுதும் செத்தவீடு நடத்தியது. சிரிப்பு வருகிற கதைதான், சிரியுங்கள். அன்றைக்கு எனக்குச் சிரிக்க வாய் இருக்கவில்லை.

சண்டைக் காலத்தில் நான் திருகோணமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டர். வெளியூருக்குப் பேசுகிறவர்களின் ட்ரங்க் கோல்களை வயர் குத்தி இணைத்துவிடுவது வேலை. மூன்று நிமிடம் முடிந்ததும் லைனுக்குள் போய், "மூண்டு நிமிசம், தொடர்ந்து கதைக்கப்போறீங்களோ?" என்று கேட்கவேண்டும். கேட்கப் போகும்போது காதில் விழுவது விழுந்தே தீரும். தந்தி வருவதற்கு முன், பத்திரிகை வருவதற்கு முன், யார் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். நான் ஒருநாளும் சொன்னதில்லை. என் முகம்தான் சொல்லிக்கொண்டு திரிந்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், பாதி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். வேலை முடிந்து ஒழுங்கைக்குள் திரும்பினால் கேற்றுகளில் தலைகள் தெரியும். வாய் திறந்து கேட்கமாட்டார்கள், முகத்தை மட்டும் பார்ப்பார்கள். வெயிலுக்கு நெற்றியைச் சுருக்கினாலும் போச்சு, ஒரு வீட்டில் அன்றைக்கு அடுப்பெரியாது. எதிர்வீட்டு அக்கா மட்டும் கேட்டே விடுவா. அவவுடைய மனிசன் மூதூரில் ஒரு கந்தோரில் வேலை. திங்கட்கிழமை லாஞ்சில் கடல் கடந்து போனால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவார்.

"தங்கச்சி, மூதூர்ப் பக்கம் ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?"

"இல்லையக்கா."

"பின்ன ஏன் கண் சிவந்து கிடக்கு?"

"நித்திரை இல்லை."

அவ நம்பமாட்டா. ஆனால் உண்மை அதுதான். கண்ணை மூடினால் பகலில் கேட்ட குரல்கள் ஒவ்வொன்றாக வரும். "அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்று ஒரு குரல். எந்த அம்மா, எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் எழும்பி லைட்டைப் போட்டுவிடுவேன். இரண்டு பேர் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போய்விட்டதால் அவர்களுடைய ஷிப்டும் என் தலையில். "நீர் தனிக்கட்டைதானே, வீட்டை போய் என்ன செய்யப்போறீர்?" என்பார் சுப்பவைசர். அதற்கும் தலையாட்டிவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொள்வேன். மறுக்கத் தெரியாத சென்மம்.

அந்தப் புதன்கிழமை கடைவாய்ப்பல்லைப் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிடுங்கிவிட்டு, வாய் நிறையப் பஞ்சை அடைத்து, ஒரு மணித்தியாலத்துக்கு வாய் திறக்கவேண்டாம் என்று அனுப்பினார்கள். ஒழுங்கைக்குள் வரும்போதும் கண்ணீர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கேற்றடியில் நின்ற எதிர்வீட்டு அக்கா என் முகத்தை ஒருதரம் பார்த்தா. அவ்வளவுதான். "ஐயோ, என்ர மனிசன்" என்று அப்படியே நிலத்தில் விழுந்தா.

நான் கையை ஆட்டி ஆட்டி மறுத்தேன். அழுதுகொண்டு நிற்கிறவள் கையாட்டினால் யார் நம்புவார்? ஒழுங்கை திரண்டுவிட்டது. இரண்டு பெண்கள் அக்காவைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி தொடங்கினார்கள். ஒருவர் வருகிற ஆட்கள் இருக்கவென்று கதிரைகளைத் தூக்கி வெளியே போடவும் தொடங்கிவிட்டார். பஞ்சைத் துப்பிவிட்டு, இரத்த வாயோடு, "பல்லு! பல்லுப் பிடுங்கினனான்!" என்று கத்தினேன்.

ஒப்பாரி நின்றது. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. "பல்லுப் பிடுங்கினதுக்கு ஆரும் இப்பிடி முகத்தை வைச்சுக்கொண்டு வருவினமோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனா. கதிரைகளும் உள்ளே போயின. நோகுதோ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கிணற்றடியில் வாயைக் கொப்பளித்துவிட்டு, கஞ்சி காய்ச்சி, அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே போனால் எனக்கு மூளை குழம்பி விசர்தான் பிடிக்கும் என்று அப்போது விளங்கிற்று.

அடுத்த நாள் சுப்பவைசரிடம் போனேன். "ஒரு நாளைக்கு ஒரு ஷிப்ட்தான் ஐயா. ரெண்டாவது எனக்கு ஏலாது."

"என்ன பிள்ளை, கலியாணம் ஏதும் சரிவந்திட்டுதோ?"

"இல்லை. நித்திரை வரவேணும்."

அவர் இரண்டாவது ஷிப்டை எடுத்துவிட்டார், ஆனால் ஒரு கிழமை முகம் கொடுக்காமல் இருந்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் ஹலோ சொன்னதும் லைனை விட்டு வெளியே வந்து, மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகினேன். வீட்டுக்கு வெளிக்கிடுமுன் குழாயில் முகத்தைக் கழுவி, கண்ணாடி முன் நின்று, ஒன்றும் இல்லாத முகம் ஒன்றை வைத்துப் பார்ப்பேன். அது சரிவந்த பிறகுதான் தெருவில் இறங்குவேன். எதிர்வீட்டு அக்காவிடமும் சொல்லிவிட்டேன். "அக்கா, கோவிக்காதேங்கோ. வேலையிடத்துக் கதை இனி என்னட்டைக் கேக்கவேண்டாம்."

"நாங்கள் ஏன் கேக்கிறம்?" என்றா அவ.

உண்மையிலேயே பிறகு ஒருவரும் கேட்கவில்லை. கேற்றுகளில் தலைகள் தெரிவதும் மெல்ல மெல்ல நின்றது. பெருமைக்காரி என்று பெயர் வந்ததாகக் கேள்விப்பட்டேன். நித்திரை வந்தது, பசி வந்தது. ஆனால் பின்னேரங்கள் நீளமாகிவிட்டன. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அடுத்த நாள் வேலைக்குப் போகும்வரை என் குரலை நானே கேட்கமாட்டேன். தேத்தண்ணியை இரண்டு கோப்பைக்கு ஊற்றிவிட்டு ஒன்றைத் திரும்பக் கேத்தலுக்குள் ஊற்றிய நாட்களும் உண்டு. அந்தத் தனிமையை நானே கேட்டு வாங்கினேன், அதனால் குறைசொல்லவும் ஆளில்லை.

இரண்டு வருசத்துக்குப் பிறகு ஒருநாள் மத்தியானம், மட்டக்களப்பிலிருந்து வந்த கோல் ஒன்றை எடுத்தேன். "திருகோணமலையோ?" என்று கேட்ட குரல் என் அண்ணனுடையது. அம்மாவை அவர்தான் வைத்துப் பார்த்தார். அவர் தனக்கு ஒரு நம்பர் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். காலமை பத்து மணிக்கு அம்மா போய்விட்டா என்றார். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது, அடுத்த நாள்வரை பஸ் இல்லை.

சுப்பவைசர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன், கண்ணாடியைப் பார்த்தேன், தெருவில் இறங்கினேன். பழக்கம் அப்படி.

எதிர்வீட்டு அக்கா வாசலில் பாய் விரித்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தா. அதில் ஒன்றும் இல்லை. திரும்பவும் சுளகைப் பிடித்தா. நான் உள்ளே போய்க் கதவைப் பூட்டிவிட்டுக் கட்டிலில் இருந்தேன். இருக்க முடியவில்லை. ஒழுங்கையைக் கடந்து போய் அவவுக்கு முன்னால் நின்றேன்.

"அக்கா, அம்மா செத்துப்போனா."

"ஆற்ற அம்மா?"

"என்ர."

அவ சுளகைக் கீழே வைத்தா. என்னை அண்ணாந்து பார்த்தா. "உங்களுக்கு அம்மா இருந்தவவோ, தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டா. "எனக்குத் தெரியாதே."

ஆறு வருசம் எதிரெதிரே இருந்தோம். அவ தன் மனிசனைத் தவிர வேறு ஒன்றைப் பற்றியும் என்னிடம் கேட்டதில்லை. வேலையைப் பற்றிப் பேசமாட்டேன் என்று சொன்ன நானும், அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் இருக்கவில்லை.

அவ அரிசியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, பாயில் எனக்கு இடம் விட்டா. "இருங்கோ" என்றா. "எப்பிடி இருப்பா உங்கட அம்மா?"

நான் இருந்து சொல்லத் தொடங்கினேன்.