ஒத்திகை ஜனாதிபதி

என் வாழ்க்கையில் முக்கால் மணித்தியாலம் நான் இந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்திருக்கிறேன். ஊர்காவற்றுறையில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். என்னைத் தெரிவு செய்தவர் கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர். அதற்கு ஒரே தகுதி என் உயரம். ஜனாதிபதியும் நானும் ஏறக்குறைய ஒரே உயரமாம், கமராக்காரர்களுக்கு அது வசதியாம்.

அப்போது நான் தீவுப்பகுதியில் ஒரு அரச கந்தோரில் காணி வேலை பார்க்கும் உத்தியோகத்தன். கடற்கரையோரத்துப் படைமுகாமுக்குள் பல வருசமாக அகப்பட்டுக் கிடந்த காணிகளில் ஒரு பகுதியை விடப்போகிறார்கள் என்றும், ஜனாதிபதியே வந்து தன் கையால் கொடுப்பார் என்றும் அறிவித்தல் வந்தது. காணி கிடைக்கப்போகும் எல்லாக் குடும்பங்களும் கீழே கதிரையில் இருக்கும். மேடைக்கு ஏழு பேர் மட்டும் ஏறுவார்கள். அந்த ஏழு பேரைப் பொறுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அதில் ஒரு அக்காவின் பெயரையும் நான்தான் போட்டேன். கடற்றொழில் குடும்பம். புருசன் இறந்து கனகாலம். இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு ஊர்காவற்றுறையில் தங்கை வீட்டில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை கந்தோருக்கு வந்து, காணி எப்போது விடுவார்கள் என்று ஒரே ஒரு தரம் கேட்பார். தெரியாது என்றால் போய்விடுவார். மற்றவர்கள் எங்களை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுத்தான் போவார்கள். சத்தம் போடாத ஆள், துப்புரவான சேலை, படத்துக்கு எடுப்பான முகம். இவ்வளவுதான் நான் பார்த்தது. அவர் வீட்டில் யார் இருந்தார்கள், யார் செத்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. காணிப் படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.

விழாவுக்கு முதல்நாள் ஒத்திகை. கொழும்பு அதிகாரி சிங்களத்தில் சொல்ல ஒருவர் தமிழாக்கினார். இடப்பக்கத்தால் ஏற வேண்டும். சோக்கட்டியால் கீறிய கோட்டில் நிற்க வேண்டும். இரண்டு கையாலும் காணிக் கோப்பை வாங்கிக் கமராவைப் பார்க்க வேண்டும். காலில் விழக்கூடாது, கடிதம் நீட்டக்கூடாது, தாங்களாகக் கதை தொடங்கக்கூடாது. இன்றைக்கு எப்படி நடக்கிறதோ நாளைக்கும் அப்படியேதான் நடக்கும் என்று இரண்டு தரம் சொன்னார்கள்.

நான் மேடை நடுவில் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. பதவி உயர்வுப் பரீட்சைக்காக ஜனாதிபதியின் அதிகாரங்களை ஒருகாலத்தில் நெட்டுருப் போட்டவன் நான். அமைச்சர்களை நியமிக்கலாம், போரும் சமாதானமும் பிரகடனம் செய்யலாம், தூக்குத் தண்டனைக் கைதியையும் மன்னிக்கலாம். அத்தனையும் என் தோளில் ஏறிவிட்டதாக நினைத்து, நெஞ்சை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்டி, பேப்பரில் வரும் படங்களில் போலச் சிரித்தேன். என் கந்தோர்க்காரர்கள் கீழே இருந்து விசிலடித்தார்கள்.

அக்கா மூன்றாவது ஆள். கோட்டில் வந்து நின்றார். வெறும் கோப்பு மட்டையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். ஆனால் கமராப் பக்கம் திரும்பாமல் என் முகத்தையே பார்த்தார். மற்ற நாட்களில் என்னைத் தம்பி என்று கூப்பிடுபவர் அன்று ஐயா என்றார்.

"ஐயா, என்ரை பிள்ளை அந்தக் காம்புக்குள்ள கிடக்கிறாள். மூண்டு வயசு. எல்லாரும் தீவை விட்டு வெளிக்கிட்ட கிழமை காய்ச்சலிலை போனவள். சேமக்காலைக்குக் கொண்டுபோய்ப் புதைக்க வழியில்லாமல் கிணத்தடியிலை தாட்டிட்டு ஓடினனாங்கள். என்னை ஒரு மணித்தியாலம் உள்ள விட்டாக் காணும். எலும்பை எடுத்துச் சேமக்காலையிலை வைச்சிடுவன்."

"ஓம் அம்மா, அதுக்கென்ன. செய்து தரலாம்" என்றேன், ஜனாதிபதிக் குரலில்.

மண்டபம் சிரித்தது. அவர் சொன்னது கீழே கேட்டிருக்காது. நான் சொன்னது மட்டும் ஒலிவாங்கியில் கேட்டது. சிரிக்க வைக்கத்தான் சொன்னேன் என்றால் அது பாதி உண்மை. மற்றப் பாதி, அந்த இடத்தில் நின்றால் வாயில் ஓம்தான் வருகிறது. அக்கா தலையைக் குனிந்து நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்த ஆள் ஏறினார்.

ஒத்திகை முடிந்ததும் கந்தோருக்குப் போய் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் காணியில் ரோட்டுப் பக்கத்து அரைவாசிதான் விடுபடுகிறது. கிணறு புதிய வேலிக்கு அந்தப் பக்கம். எனக்கு நெஞ்சு பாரமாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு மேடையில் இவர் வாய் திறந்து என் வேலைக்கு வில்லங்கம் வைத்துவிடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. போய் ஒரு வார்த்தை கதைத்திருக்கலாம். கதிரை அடுக்கவும் கொடி கட்டவும் ஆள் போதாது என்று சொல்லிக்கொண்டு போகாமல் விட்டேன்.

மறுநாள் உண்மையான ஜனாதிபதி வந்தார். நான் மேடையின் ஓரத்தில், கோப்புகளை வரிசையாக எடுத்துக் கொடுக்கும் இடத்தில் நின்றேன். அக்கா ஏறினார். ஜனாதிபதி குனிந்து ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளரும் ஏதோ சொன்னார். மேளச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே ஒரு சொல்லுச் சொன்னார், கமராவைப் பார்த்தார், இறங்கிவிட்டார். நல்ல மனுசி, சொன்னபடி நடந்துகொண்டார் என்று எனக்கு நிம்மதி.

அவருக்குப் பின்னால் வந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். மனுசன் ஒரு கட்டுப்பாட்டையும் மதிக்கவில்லை. கோப்பை வாங்கிய கையோடு, கடற்கரை ரோட்டில் மாரிக்கு வெள்ளம் நிற்கிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஏலாது என்று தொடங்கிவிட்டார். கொழும்பு அதிகாரியின் முகம் கறுத்தது. ஜனாதிபதி கோபப்படவில்லை. பின்னால் நின்ற செயலாளரிடம் திரும்பி இரண்டு சொல் சொன்னார். அந்த ரோட்டுக்காக நாங்கள் வருசக்கணக்காகக் கடிதம் எழுதிக் களைத்திருந்தோம். அடுத்த மாதமே கல்லும் தாரும் வந்து இறங்கின. பரீட்சைக்குப் படித்த அதிகாரம் எல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

சில மாதம் கழித்து ஒரு மனு என் மேசைக்கு வந்தது. ஜனாதிபதிக்கு எழுதப்படும் மனுக்களுக்கு ஒரு பயணம் உண்டு. கொழும்புக்குப் போகும். அங்கிருந்து அமைச்சுக்கு, அமைச்சிலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து எங்கள் கந்தோருக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு கடிதம் முன்னால் கோர்க்கப்படும். கடைசியில், எவன் தங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சனம் மேலே முறையிட்டதோ, அவனிடமே அறிக்கை கேட்டு வரும்.

மேலே கோர்த்திருந்த தாள்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். நாலு வரிதான். விழாவுக்கு முதல்நாள் தாங்கள் மேடையில் வைத்துத் தந்த வாக்கின்படி, என் மகளின் எலும்பை எடுக்க முகாமுக்குள் ஒரு மணித்தியாலம் அனுமதி தந்துதவ வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து.

விழாவுக்கு முதல்நாள் உண்மையான ஜனாதிபதி கொழும்பில் இருந்தவர். மேலே வாசித்தவர்கள் மனுசிக்கு வயது போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். அந்த முழு அரசாங்கத்திலும் அந்தக் கடிதம் விளங்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

உண்மையை எழுத நினைத்தேன். ஜனாதிபதியாக நடித்து வாக்குக் கொடுத்த உத்தியோகத்தன் என்று விசாரணை வரும். அதை எழுதாமல், பாவம், ஒரு மணித்தியாலம் விடுங்கள் என்று சிபாரிசாவது செய்திருக்கலாம். இவருக்காக நீர் ஏன் கதைக்கிறீர் என்று கேட்டால் எங்கே போய் முடியுமோ என்று அதற்கும் பயந்தேன். "மேற்படி வாக்குறுதி வழங்கப்பட்டமைக்குப் பதிவுகள் எதுவும் இல்லை" என்று ஒரே வரி எழுதி, முத்திரை குத்தி அனுப்பினேன். என் வரி, மனு இறங்கிய படிகளிலெல்லாம் திரும்பவும் ஏறி, கொழும்புக் கடிதமாக அக்காவின் கைக்குப் போனது.

அக்கா அதைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார். கடிதம் சிங்களத்தில். வாசித்துச் சொல்லச் சொன்னார். நான் எழுதியதை நானே தமிழில் அவருக்கு வாசித்தேன். வாசித்து முடித்த பிறகு பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு நான் பகிடிக்குச் சொன்னேன் அக்கா, என்னை மன்னியுங்கோ என்றேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பேன். கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தபடி மெதுவாகச் சொன்னார்.

"நீர் சனாதிபதி இல்லை எண்டு எனக்குத் தெரியாதே தம்பி? அரசாங்கம் எல்லாத்தையும் முதல்நாளே கதைச்சு முடிச்சிடும், மற்றநாள் மேடை படத்துக்குத்தான் எண்டு நினைச்சனான். மற்றநாள் சனாதிபதி கேட்டவர். வேற ஏதும் குறை இருக்கோ அம்மா எண்டு கேட்டவர். ஒண்டுமில்லை ஐயா, எல்லாம் கிடைச்சிட்டுது எண்டு சொல்லிப்போட்டன்."