என்றென்றும் என்று எழுதியவள்

மாநில அரசின் நிலப் பாதுகாப்புத் துறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் 'என்றென்றும்'. "என்றென்றும் வந்தாச்சா?" "என்றென்றும் இன்னைக்குச் சிடுசிடுன்னு இருக்காங்கப்பா, ஃபைலை நாளைக்குக் கொண்டு போ." தாழ்வாரத்தில் இப்படித்தான் பேச்சு நடக்கும். அவள் காதிலும் விழும், கண்டுகொள்ளமாட்டாள். பட்டப்பெயர் வைக்கிற அளவுக்காவது ஆபீசில் ஒருத்தி மேல் கவனம் இருக்கிறதே என்று சிரித்துக்கொள்வாள்.

அந்தப் பெயர் வந்தது ஒரே ஒரு வார்த்தையால். துறையில் அவள் மண் ஆய்வாளராகச் சேர்ந்தவள். குழி தோண்டி, மண்ணை விரலில் உருட்டிப் பார்த்து, நகக்கண்ணில் அழுக்கோடு பஸ் ஏறி வீடு திரும்பிய காலம் அது. இந்த வருஷம் அவள் பார்த்த ஆற்றோர வயல் அடுத்த வருஷம் மனைக்கட்டாகி, கொடி நட்டு, கல் ஊன்றி நிற்கும். வயிறு எரியும். எரிந்து என்ன செய்வது? மேலே வந்து அதிகாரம் கைக்குக் கிடைத்ததும் ஒரு திட்டம் எழுதினாள். நிலம் நிலத்துக்காரரிடமே இருக்கும். உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். கட்டடம் மட்டும் கூடாது, மணல் அள்ளக் கூடாது. பதிலுக்கு வரியை அரசு தள்ளுபடி செய்யும், கரையையும் மரத்தையும் துறை பராமரிக்கும். இவ்வளவுதான் ஒப்பந்தம்.

அதை எழுதி முடிக்கும்போது துறையின் சட்ட அதிகாரி குறுக்கே விழுந்தார். எந்தத் தாளை நீட்டினாலும் அதில் ஒரு கமா சரியில்லை என்பார், அதனால் அவருக்கும் 'கமா' என்றே பெயர்.

"எத்தனை வருஷத்துக்கு மேடம்?"

"என்றென்றும்."

"அப்படி ஒரு கணக்கு சட்டத்துல உதைக்கும் மேடம். முப்பது வருஷம்னு போடுவோம். கேக்கவும் மரியாதையா இருக்கும்."

"முப்பது வருஷம் கழிச்சு ஆறு வேற ஊருக்குக் குடி போயிடுமா சார்?"

கமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்யாணப் பத்திரிகையில கூட இந்த வார்த்தையைப் போட யோசிக்கிறாங்க மேடம். பின்னாடி உங்க தலையிலதான் விடியும்" என்றார். வார்த்தை அப்படியே நின்றது.

திட்டம் வந்தது, ஆள்தான் வரவில்லை. ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. 'கையெழுத்துப் போட்டா நிலம் கவர்மெண்டுக்குப் போயிடும்' என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், அது தீயாகப் பரவியது. வீடு வீடாக ஏறி இறங்கினாள். தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். செயலாளர் கூப்பிட்டு, "நல்ல யோசனைதாம்மா, ஆனா ஆள் வரலையே. மூட்டை கட்டிடலாமா?" என்று கேட்டார். நாகரிகமான மனிதர், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டைத் திறக்கவேயில்லை.

அந்த வாரம் அவள் அப்பா துவைத்த சட்டையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். ஆற்றோரத்தில் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம். கீழே வயல், கரையை ஒட்டிப் பழைய வீடு, மேலே ஒரு மேடு. வீடு இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, வயலையும் மேட்டையும் முதல் ஆளாக எழுதிக் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்தார்கள். பெற்ற அப்பனையா ஒருத்தி ஏமாற்றுவாள்? ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஆற்றின் இரண்டு கரையிலும் மேடுகள் பிழைத்தன. வெள்ளம் வந்தால் தண்ணீர் வயல்களில் பரவி அடங்கும், தரையில் கூடு கட்டும் பறவைகளும் முயல்களும் மேட்டில் ஏறிக்கொள்ளும். எந்த மேட்டிலும் ஒரு செங்கல் கிடையாது.

காகிதத்தில் மட்டும் இருக்கிற ஒப்பந்தம் கெட்டுப்போகும் என்று அவளுக்கு ஒரு பயம். அதனால் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை நிலத்துக்காரரும் துறை ஆளும் சேர்ந்து எல்லையைச் சுற்றி நடக்கவேண்டும். ஒவ்வொரு எல்லைக் கல்லிலும் நிலத்துக்காரர் கையை வைத்து 'இருக்கு' என்று சொல்லவேண்டும். துறை ஆளும் தொட்டு 'இருக்கு' என்பார். ஆரம்பத்தில் இதைக் கேலி செய்யாத ஆளில்லை. கல்லுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிற அம்மா என்றார்கள். பிறகு பழகிவிட்டது. 'இந்த வருஷம் எங்க நடை எப்போ?' என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "அவ இலாகாவைக் கட்டிக்கிட்டா, மாப்பிள்ளை ரொம்பச் சோம்பேறி" என்பாள் அண்ணி. அண்ணி அப்படிப்பட்ட வாய்க்காரி. அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது இவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், தாய் இல்லாத பெண். பேன் பார்த்து, ரெட்டைச் சடை பின்னி, சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பியது அண்ணிதான். 'பொம்பளைப் பிள்ளை மண்ணைப் பத்திப் படிச்சு என்ன ஆகப் போகுது' என்று அப்பா இழுத்தபோது, "படிக்கட்டும் மாமா, பாத்திரம் நான் தேய்க்கிறேன்" என்று ஒரே போடாகப் போட்டதும் அண்ணிதான். அந்த அண்ணிக்கு ஒன்று என்றால் இவள் உயிரையே கொடுப்பாள். மேட்டைத்தான் கொடுக்க முடியவில்லை.

அப்பா போன பிறகு நிலம் அண்ணன் கைக்கு வந்தது. மழையும் முன்மாதிரி இல்லை. ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் பழைய வீட்டின் படியைத் தாண்டியது, சுவர் இடுப்பளவு ஈரம் குடித்தது, பூசணம் பிடித்த அறையில் அண்ணிக்கு இழுப்பு வந்தது. 'அந்த வீட்ல இருக்கிற வரைக்கும் மருந்து வேலை செய்யாது' என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நனையாத இடம் அவர்கள் நிலத்தில் ஒன்றுதான். மேடு.

அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். தங்கை வீட்டுக்கு உரிமையோடு நுழைகிற மனுஷன் அப்படி நின்றதே அவளுக்குச் சுருக்கென்றது.

"ஓரமா ரெண்டு ரூம் போதும்மா. உங்க அண்ணி மூச்சு விட ஒரு காஞ்ச சுவர். வேற எதுவும் கேக்கல."

"அண்ணே, இங்க வந்து இருங்க. மாடி ரூம் காலியாத்தானே கிடக்கு. நான் பார்த்துக்கறேன்."

"தங்கச்சி வீட்ல ஒண்டிக்கிடக்கவா அப்பா எனக்கு நிலம் வச்சுட்டுப் போனார்? ஒரு கையெழுத்து. உன் கையில இருக்கு. போட முடியுமா, முடியாதா?"

எல்லையைச் சிறிது மாற்றும் அதிகாரம் துறை இயக்குநரான அவளுக்கு உண்டு, அது உண்மைதான். எதிர்க்கரை மேட்டின் மேல் ஒரு வீட்டுமனைக் கம்பெனி வருஷக்கணக்கில் கண் வைத்துக் காத்திருப்பதும் உண்மைதான். ஒரு மேட்டில் ஒரு வீடு எழுந்துவிட்டால் அதற்கு ஒரு பாதை வரும். பாதை வந்தால் அடுத்தவன் கேட்பான். 'உங்க அண்ணனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?' என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் கேட்டுக்கொண்டார். "சரிம்மா. மனு போடறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

மனு வந்தது. சொந்தக்காரர் மனுவை அவள் பார்க்கக் கூடாது, விதி அப்படி. அடுத்த இடத்தில் இருந்த கமாவிடம் போனது. ஒரு சாயங்காலம் கமா அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், நீங்க ஒதுங்கிட்டீங்க. ரொம்பச் சரி. நான் கையெழுத்துப் போட்டுடறேன். உங்க மேல ஒரு துரும்பு விழாது. ஒரு நல்ல மனுஷிக்கு மூச்சு கிடைக்கும். நானே ஒரு கமாவைக் கண்டுக்காம விட்டுடறேன்னு வச்சுக்கங்களேன்."

அந்த மனிதர் வாழ்க்கையில் ஒருவருக்கும் அப்படி வளைந்துகொடுத்ததில்லை. பேசாமல் இருந்தால் போதும். அவள் செய்யவேண்டியது அவ்வளவுதான், சும்மா இருப்பது. ஜன்னலுக்கு வெளியே காவலாளி சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மாட்டி முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவர் என் அண்ணன் இல்லன்னா என்ன எழுதுவீங்க சார்?"

கமா கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார்.

"அதையே எழுதுங்க."

"மேடம், உங்க அண்ணிக்கு..."

"தெரியும் சார். எனக்குத் தெரியாதா? எழுதுங்க."

மனு நிராகரிக்கப்பட்டது. பாழாய்ப்போன வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணனும் அண்ணியும் டவுனில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். இரண்டு சின்ன அறைகள், கீழே மோட்டார் ரிப்பேர் கடை, காலையிலிருந்து தடதடவென்று சத்தம். மண்ணில் வாழ்ந்த மனுஷர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் தெருவைப் பார்த்தார். அவள் பழம் வாங்கிக்கொண்டு போவாள். அண்ணன் எழுந்து உள்ளே போய்விடுவார். அண்ணி பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "உன் என்றென்றும் என் மூச்சை விட நீளம் போலிருக்கே" என்றாள் ஒரு தடவை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவள் படியிறங்கி வந்து, கடை வாசலில் கிரீஸ் பூசிய பையன்கள் பார்க்கப் பார்க்க அழுதாள்.

அந்த வருஷத்து எல்லை நடைக்கு அண்ணன் வரவில்லை. ஆய்வாளர் போய்ப் போய்த் திரும்பி வந்தார். நிலத்துக்காரர் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாக நோட்டீஸ் அனுப்பவேண்டும். அண்ணனுக்கு நோட்டீசா? "நானே போறேன்" என்றாள். "மேடம், சொந்தக்காரங்க நிலம்..." என்று கமா ஆரம்பித்தார். "நடக்கிறதுக்குமா சார் விதி இருக்கு?" என்றாள்.

மேட்டடியில் ஜீப்பை நிறுத்தியபோது ஒரு வாடகை ஆட்டோ ஏற்கெனவே நின்றிருந்தது. உள்ளே அண்ணி, மடியில் மருந்துப் பை. பக்கத்தில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீ போகலன்னா நானே நடக்கிறேன்னு மிரட்டினா. அதான் வந்தேன்" என்றார் ஆட்டோவைப் பார்த்து.

இருவரும் நடந்தார்கள். வயல் மூலைக் கல்லில் அண்ணன் கையை வைத்து 'இருக்கு' என்றார். அவளும் தொட்டு 'இருக்கு' என்றாள். கரையோரக் கல், வாய்க்கால் கல், எல்லாவற்றிலும் அந்த ஒரு வார்த்தைதான். மேட்டில் ஏறினார்கள். புல் முழங்கால் உயரம் நின்றது. காலடியில் ஒரு பறவை விருட்டென்று கிளம்பிப் போனது. மேட்டுக் கல்லுக்கு முன்னால் அண்ணன் நின்றார். கை நீளவில்லை.

"அப்பா எதுக்குக் கையெழுத்துப் போட்டார்னு தெரியுமா உனக்கு? ஆத்துக்காக இல்ல. இந்தக் குருவிக்காக இல்ல. 'என் பொண்ணு நாலு பேர் முன்னாடி தலை குனிஞ்சு நிக்கக் கூடாதுடா'ன்னார். எனக்குச் சேர வேண்டிய இடம் இது. எனக்காக இல்ல, உனக்காகப் போட்டார். நான் ஒரு வார்த்தை பேசல."

"தெரியும்ணே. கையெழுத்துப் போட்ட அன்னைக்கு நான் பஸ் ஏத்திவிடும்போது அப்பாவே சொன்னார்."

"தெரிஞ்சுமா?"

செயலாளர் முன்னால், அமைச்சர் முன்னால், வக்கீல்கள் முன்னால் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அவளிடம் இருந்தது. பாதை, அடுத்த மேடு, அடுத்தவன் நியாயம். அது இந்த இடத்தில் வாயில் வரவில்லை. ஒப்பந்தத்தில் அவள் எழுதிய அந்த ஒற்றை வார்த்தைக்கு அப்பா நிலத்தைக் கொடுத்தார், அண்ணன் வீட்டைக் கொடுத்தார். அவள் கொடுத்தது என்ன? அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் புல் சரசரத்தது. அண்ணி ஏறி வந்துகொண்டிருந்தாள். நாலடி வைப்பாள், நிற்பாள், மார்பு ஏறி இறங்கும், மறுபடி நாலடி. இருவரும் ஓடினார்கள். இருவர் கையையும் தட்டிவிட்டாள். கல்லருகே வந்து, குனிய முடியாமல் மண்டியிட்டு, உள்ளங்கையை அதன் தலையில் வைத்தாள்.

"இருக்கு" என்றாள், பாதிக் காற்றாக.

"அண்ணி..."

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே. கல்லு இருக்கு, இருக்குன்னேன். அவ்வளவுதான்." மூச்சை இழுத்துப் பிடித்தாள். "நீ சொல்லு. சொல்லிட்டுத் தூக்கிவிடு. உட்காந்துட்டேன், எழுந்திருக்க முடியல."

அவள் அண்ணியின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். அந்த வார்த்தையைச் சொல்ல நேரமாயிற்று. சொன்னாள். பிறகு அவள் ஒரு பக்கமும் அண்ணன் ஒரு பக்கமுமாக அண்ணியைத் தூக்கி நிறுத்தினார்கள்.