சுவை என்ற கட்டத்தில் எழுதியது

அரிசிக்கு ரேஷன் வந்திருந்த காலம். என் கணவர் தூத்துக்குடியில், குடியானவர்களுக்குப் புதுப் பயிர்முறைகளைச் செய்துகாட்டும் விவசாய இலாகா டெமான்ஸ்ட்ரேட்டர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மலையில் ஒரு பண்ணையில், கருகல் நோய் தாங்கும் காட்டு உருளைக்கிழங்கை நாம் தின்னும் கிழங்கோடு கலந்து புது ரகங்கள் உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். கடற்கரை வெக்கையில் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், சமைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை வந்தது. கூடவே, தின்று பார்த்து நிரப்பி அனுப்ப அச்சடித்த ஃபாரம்.

அடுக்களை மூலையில் கடைக் கிழங்கையும் புதுக் கிழங்கையும் தனித்தனிக் கூடையில் வைத்தோம். மூன்று வாரத்தில் கடைக் கிழங்கைப் புழு துளைத்துவிட்டது. புதுக் கிழங்கில் ஒரு துளை இல்லை. கணவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அவித்து உரித்து ஒரு துண்டை வாயில் போட்டேன். கசந்தது. தொண்டையில் எரிச்சல் நின்றது.

"ஏளா, பனங்கிழங்கு கசக்கலையா? தின்னுதோம்லா. கசந்தா வயித்துப் பூச்சி சாவும்" என்றார் மாமியார்.

பனங்காட்டுக் குடும்பத்தில் கசப்பை யாரும் குறை சொல்வதில்லை. நானும் என் நாக்கை நம்பவில்லை. இரண்டரை வயது மகள் முதல் வாயைத் துப்பினாள். கருப்பட்டியைச் சீவிப் போட்டுப் பிசைந்து, அதட்டி ஊட்டினேன். படித்தவள் செய்கிற காரியமா அது? மதியத்துக்குள் வாந்தி. சாயந்திரம் பிள்ளை துணி மாதிரித் துவண்டு கிடந்தாள். கிழங்குதான் காரணம் என்றார் டாக்டர். எழுந்து உட்கார இரண்டு நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் கணவரின் மேலதிகாரி வந்தார். பிள்ளைக்கு வந்ததைச் சொல்லி, அதே கிழங்கை அவித்துத் தட்டில் வைத்தேன்.

"காபி போதும்மா" என்று தட்டைத் தள்ளினார். "நோயும் தொடலை, பூச்சியும் தொடலை. இனி தோலைத் தடிப்பா சீவுங்க. சுவைங்கற இடத்துல சுமார்னு போட்டாப் போதும்."

"பூச்சியே தொடாததை எம்பிள்ளை திங்கணுமாக்கும்?"

அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "உங்க வீட்ல எனக்கும் மேலே ஒரு அதிகாரி இருக்காங்க போல."

அவர் படியிறங்கியதும் கணவர் பேனாவை எடுத்தார். "அவர் மனசு வச்சாத்தாம்ளா எனக்கு வேலை நிலைக்கும்."

எனக்கும் பயம்தான். மலையில் ஒரே மழையில் வயல் முழுவதும் கருகி நிற்கும் குடும்பங்களை நினைத்தேன். நான் எழுதும் ஒரு சொல்லால் அவர்களுக்கு வரவேண்டிய விதை வராமல் போகுமோ? ஆனால் கலந்து முளைத்த நூறு செடியில் எதை வைப்பது, எதை எறிவது என்று தின்றவர்கள் சொல்லாமல் பண்ணைக்கு எப்படித் தெரியும்? சுமார் என்று எழுதினால் இதுவே விதையாகும். அரிசி கிடைக்காத வீட்டில் தட்டைத் தள்ள எந்தப் பிள்ளைக்கு முடியும்? காபி கேட்க அது அதிகாரியா?

பேனாவை வாங்கி, நல்ல இங்கிலீஷில் எழுதினேன்: கசப்பு. தொண்டை எரியும். தின்ற குழந்தைக்கு வாந்தி.

"கையெழுத்து நாந்தாம்லா போடணும்" என்றார்.

"போடுங்க. இல்லைன்னா ராத்திரிக்கு அதையே அவிச்சு உங்களுக்கு வைக்குதேன். முழுசாத் தின்னுட்டு சுமார்னு எழுதுங்க."

கூடையை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் மகள் படுத்திருந்த பாயைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை நான் ஃபாரத்தை விட்டு நகரவில்லை.